பாட்டியின் ஒற்றைக்கல்லுக்கு ஏற்ற கூடு எது?

வாசகர் கடிதம்: மதிப்பிற்குரிய ஐயா, நான் தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். டர்பனில் ஒரு மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். புரட்டாசி விரதம் முடிந்தபின் ஐப்பசியில் எனக்கு நிச்சயதார்த்தம் நடக்கவிருக்கிறது. என் பாட்டி தம் ஒற்றைக்கல் வைரத்தோட்டில் ஒன்றை அக்காவுக்கும் மற்றொன்றை எனக்கும் கொடுத்துவிட்டுப் போனார். என் பங்குக் கல்லை நிச்சயதார்த்த மோதிரத்தில் பதிக்க வேண்டும் என்பது என் ஆசை. கடைக்காரர் அளந்து பார்த்து 5.2 மில்லிமீட்டர் என்றார். என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவர், ஆறு உலோக நகங்கள் கல்லைப் பிடித்து நிற்கும் உயரமான ஆறு நகக் கூடுதான் வைரத்துக்கு அழகு என்கிறார். சுற்றிலும் சிறு கற்கள் வைத்தால் கல் பெரிதாகத் தெரியும் என்கிறார் கடைக்காரர். நான் கேட்டது கல்லைச் சுற்றி உலோக விளிம்பு வரும் பெசல் கூடு. ஆனால் வருங்கால மாமியார், அப்படிக் கட்டினால் கல் இருண்டுவிடும், கல் உடம்பில் படாமல் போவதும் நல்லதல்ல என்று வருந்துகிறார். தோட்டின் தங்கத்தையே உருக்கி மோதிரம் செய்யலாம் என்கிறார் அம்மா. எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் முடிவெடுக்கத் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள மகளுக்கு, நல்வாழ்த்துகள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கல் பதிக்கும் மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவனின் மறுமொழியாக இதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் நான் மீண்டும் மீண்டும் படித்தது இரண்டு செய்திகளை. ஒன்று, நீங்கள் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிகிறீர்கள் என்பது. மற்றொன்று, கல் பாட்டியின் தோட்டிலிருந்து வருகிறது என்பது. எந்தக் கூடு என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டிலும் அடங்கியிருக்கிறது. கடைக்கண்ணாடிக்குள் விளக்கொளியில் பார்க்கும் மோதிரத்துக்கு ஒரு நாள் என்பது கிடையாது. உங்கள் மோதிரத்துக்கோ காலை ஆறு மணிக்குத் தொடங்கும் ஒரு நாள் உண்டு. அந்த நாளை முதலில் வைத்துக்கொண்டுதான் கூட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்ட பெசல் கூடுதான் சரி. அது தாழ்வாகவும் அடிப்புறம் முழுவதும் திறந்ததாகவும் இருக்க வேண்டும். கூட்டை மட்டும் பிளாட்டினத்திலும் விரலைச் சுற்றும் வளையத்தை 18 காரட் மஞ்சள் தங்கத்திலும் செய்யுங்கள். உங்கள் மாமியாரின் இரண்டு கவலைகளுக்கும் இந்த அமைப்பிலேயே விடை இருக்கிறது.

கல் இருண்டுவிடும் என்ற அச்சத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இது பலருக்கும் உள்ள அச்சம், அதற்கு நியாயமான வேரும் உண்டு. முற்காலத்தில் நம் நகைகளில் பல கற்களை அடிப்புறம் தகட்டால் மூடியே கட்டினார்கள். காலப்போக்கில் அந்தத் தகட்டுக்கும் கல்லுக்கும் நடுவே எண்ணெயும் மஞ்சளும் சோப்பும் இறங்கிக் கல் மங்கிப்போகும். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், மூடிக் கட்டினால் கல் செத்துவிடும் என்று சொல்வது அனுபவத்தில் விளைந்த பேச்சு. ஆனால் அங்கே கல்லை இருட்டாக்கியது பக்கவாட்டில் இருந்த உலோகமல்ல, அடியில் தங்கிய அழுக்கு. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. அதனால், உள்ளே புகுந்த ஒளி பின்புறப் பட்டைகளில் மோதும்போது, சுமார் இருபத்து நான்கரைப் பாகையைவிடச் சாய்ந்த கோணத்தில் மோதுவதெல்லாம் வெளியே போக வழியின்றித் திரும்பி வருகிறது. நன்றாகப் பட்டை தீட்டிய வைரம் மேல்முகத்தின் வழியாக ஒளியை வாங்கி, மேல்முகத்தின் வழியாகவே திருப்பித் தருகிறது. பக்கவாட்டில் ஒரு மெல்லிய விளிம்பு இருப்பதால் அந்தப் போக்குவரத்தில் பெரிதாக எதுவும் குறைவதில்லை. பின்புறப் பட்டைகளில் ஒரு படலம் கொழுப்பு ஒட்டிவிட்டால் கதையே வேறு. ஒளி திரும்புவதற்குப் பதிலாக அந்தப் படலத்தின் வழியே கசிந்து போய்விடும். கண்ணுக்குக் கல் கண்ணாடித் துண்டைப் போலத் தெரியும்.

வைரத்துக்கும் கொழுப்புக்கும் உள்ள ஒட்டுறவு நம் நாட்டின் சுரங்க வரலாற்றிலேயே பதிந்திருக்கிறது. கிம்பர்லியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், உடைத்த பாறைத்துகளைத் தண்ணீரோடு சேர்த்து, கொழுப்புப் பூசிய சரிவான மேசைகளின் மேல் ஓடவிட்டார்கள். மற்றக் கற்கள் நனைந்து வழுக்கிப் போய்விடும். வைரத்தைத் தண்ணீர் எளிதில் நனைப்பதில்லை என்பதால் அது மட்டும் கொழுப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதே குணம்தான் உங்கள் விரலிலும் வேலை செய்யும். கைக்குப் பூசும் கிரீம், சோப்பு, தலைக்கு வைத்த எண்ணெய் எல்லாவற்றையும் வைரம் ஆவலோடு பிடித்துக்கொள்ளும். நாளொன்றுக்குப் பலமுறை கை கழுவி, தோல் வறண்டுவிடாமல் இருக்கக் கிரீம் தடவும் செவிலியரின் கையில் எந்த வைரமும் ஒரு வாரத்தில் மங்கத்தான் செய்யும். அதனால்தான் அடிப்புறம் திறந்த கூடு வேண்டும் என்கிறேன். பின்புறத்துக்குப் பிரஷ் எட்ட வேண்டும். இளஞ்சூடான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு, மோதிரத்தைச் சிறிது நேரம் ஊறவைத்து, குழந்தைகளின் மென்மையான பல்துலக்கியால் மோதிரத்தின் உட்பக்கத்திலிருந்து கல்லின் அடியைத் துலக்குங்கள். வாரம் ஒருமுறை போதும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை, அடியில்தான் துலக்க வேண்டும். இதை உங்கள் மாமியாரின் எதிரிலேயே ஒருமுறை செய்து காட்டினால் அவர் மனம் தெளிந்துவிடும் என்று நம்புகிறேன்.

கல் உடம்பில் பட வேண்டும் என்று அவர் சொல்வதும் நம்மிடையே வழிவழியாக வருவது. அடிப்புறம் திறந்திருந்தால் பெரியவர்களின் அந்த எண்ணம் நிறைவேறுகிறது என்றே எங்கள் பட்டறையில் நாங்கள் எப்போதும் கொண்டிருக்கிறோம். கல்லின் அடிமுனையே தோலை அழுத்தும்படி வைப்பது மட்டும் வேண்டாம். அது விரலில் தழும்பை உண்டாக்கும், முனைக்கும் ஆபத்து. அரை மில்லிமீட்டர் இடைவெளியாவது இருக்கட்டும்.

இனி, உங்கள் வருங்கால மணமகன் விரும்பும் ஆறு நகக் கூட்டைப் பற்றி. அவருடைய ரசனையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1886இல் நியூயார்க்கின் டிஃப்பனி நிறுவனம் கல்லை வளையத்துக்கு மேலே தூக்கி ஆறு நகங்களில் நிறுத்திய அமைப்பை அறிமுகப்படுத்தியது. நிச்சயதார்த்த மோதிரம் என்றதும் இன்றுவரை உலகின் பெரும்பகுதிக்கு அந்த உருவம்தான் கண்முன் வருகிறது. அதற்குத் தகுதியான வடிவம்தான் அது. கல்லின் வட்டம் முழுவதும் தெரியும். நான்கு நகம் உள்ள கூட்டில் ஒன்று ஒடிந்தால் கல் விழும் நிலைக்கு வந்துவிடும், ஆறில் ஒன்று போனால் மற்ற ஐந்து பிடித்துக்கொள்ளும். மேசையில் அமர்ந்து கணினியில் வேலை பார்ப்பவராக இருந்தால் நான் அதையே செய்து தந்திருப்பேன்.

ஆனால் உங்கள் கல்லை உயரமான நகக் கூட்டில் நிறுத்தினால் அது விரலுக்கு மேல் ஏழு மில்லிமீட்டர் அளவுக்கு எழுந்து நிற்கும். தாழ்வான பெசலில் ஏறத்தாழ நாலரையோடு முடிந்துவிடும். இரண்டரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். கையுறை மாட்டும்போது அந்த வேறுபாடு தெரியும். நகத்தின் நுனி ரப்பரில் சிக்கினால் கையுறை கிழியும். கிழியாவிட்டாலும், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் நகத்தை மேல்நோக்கி இழுக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவில் அது தூக்கிக்கொண்டே வந்து, ஒருநாள் போர்வையின் நூலில் மாட்டும். உங்கள் துறையில் இதற்கு விதியே உண்டு என்பதை என்னைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டுக் கைச்சுத்த வழிகாட்டி, நோயாளிகளைக் கவனிக்கும்போது மோதிரம் அணிவதையே வேண்டாம் என்கிறது. சாதாரணப் பணிகளில் கல்லில்லாத திருமண வளையத்தைப் பண்பாட்டுக் காரணத்துக்காக அனுமதிக்கலாம் என்றாலும், அறுவை அரங்கு போன்ற இடங்களில் எல்லா மோதிரங்களையும் கழற்றிவிட வேண்டும் என்கிறது. ஆகவே உங்கள் மோதிரம் தினமும் கழற்றப்படும், தினமும் மாட்டப்படும். கழற்றிய மோதிரத்தைச் சட்டைப் பையிலோ கைகழுவும் தொட்டியின் விளிம்பிலோ வைக்காமல், உங்கள் மருத்துவமனை அனுமதித்தால் சீருடைக்குள் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பூட்டிய பெட்டியில் வையுங்கள். சங்கிலியில் தொங்கும் மோதிரத்தில் நகம் இருந்தால் அது துணியில் மாட்டும். வழுவழுப்பான பெசல் மாட்டாது.

நகக் கூட்டில் என்னை என்றும் உறுத்தும் ஒரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் ஆசிரியைக்கு நான்கு நக மோதிரம் ஒன்று கட்டினேன். நகத்தின் உட்புறத்தில் கல்லின் இடுப்பு விளிம்பு (அதன் மிக அகலமான சுற்று) உட்காரச் சிறிய வெட்டு ஒன்று போடுவோம். அந்த வெட்டு நகத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கோடு நிற்பது நல்லது, பாதியை ஒருபோதும் தாண்டக் கூடாது. நகங்கள் மெல்லியதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் நான் வெட்டையும் ஆழமாகப் போட்டு, வெளிப்புறத்தையும் அரத்தால் இழைத்துவிட்டேன். மோதிரம் கடையைவிட்டுப் போகும்போது எல்லோரும் பாராட்டினார்கள். எட்டு மாதங்கள் கழித்து அவர் திரும்பி வந்தார். மூன்று நகங்கள் நின்றன, நான்காவது வெட்டுப் போட்ட இடத்திலேயே ஒடிந்திருந்தது, கல் இல்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்தபோதா, பள்ளி மைதானத்திலா, எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. மோதிரத்தை என் செலவில் புதிதாகச் செய்து கொடுத்தேன். அவர் கணவர் முதல் சம்பளத்தில் வாங்கிய அந்தக் கல்லை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றுமுதல், மெல்லிய நகம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் நெடுநேரம் பேசுகிறேன்.

உங்கள் கல்லைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும், ஏனென்றால் அது பழைய கல். பழைய பட்டைக் கற்களுக்கு மேற்பகுதி உயர்ந்தும் அடி ஆழமாகவும் இருக்கும், அடிமுனை கூராக இல்லாமல் சிறிய தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். நேர் மேலிருந்து பார்த்தால் கல்லின் நடுவில் ஒரு சிறு வட்டம் தெரிந்தால் அதுதான் இது. கைவேலையாகப் பட்டை தீட்டியதால் இடுப்பு விளிம்பு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் கத்தியின் வாயைப் போல் மெலிந்தும் இருப்பது வழக்கம். வைரம் எல்லாவற்றையும்விடக் கடினமானது என்பது உண்மை. கீறலுக்கு எதிரான கடினம் அது. அடிக்கு எதிரான உறுதி வேறு. வைரத்துக்குள் எளிதில் பிளக்கக்கூடிய நான்கு தளப்போக்குகள் உண்டு. பிரிட்டோரியாவுக்கு அருகே 1905இல் கிடைத்த 3,106 காரட் எடையுள்ள கல்லினன் வைரத்தையே 1908இல் ஆம்ஸ்டர்டாமில் கத்தி வைத்து ஓங்கி அடித்துத்தான் பிளந்தார்கள். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் உங்கள் கை ஒருமுறை மோதினால், நகங்களுக்கு நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய விளிம்பில் ஒரு செதில் போய்விடலாம். பெசல் கூடு அந்த விளிம்பை முழுவதும் அணைத்துக்கொள்கிறது. பழைய கல்லுக்குப் பெசல் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

பெசல் கட்டுவதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. விளிம்பு உலோகத்தைக் கல்லின் மேல் சாய்க்கும்போது பதிப்பாளரின் கை கனத்தால் அந்த நொடியிலேயே கல் செதிலாகலாம். இங்கேதான் பிளாட்டினம் கைகொடுக்கிறது. அதற்குத் திமிறும் குணம் குறைவு. தள்ளிய இடத்தில் நின்றுவிடும், மீண்டும் எழும்பாது. எனவே அதிக அழுத்தம் தர வேண்டியதில்லை. சுத்தியலால் தட்டாமல் தள்ளுளியால் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று எதிரெதிராகச் சிறிது சிறிதாகச் சாய்த்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பதை நல்ல பதிப்பாளர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். நான் எடுத்துக்கொள்வதில்லை. விளிம்பின் மேற்பகுதி கல்லின் மேல் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் கவனியுங்கள். தடியாக ஏறினால் உங்கள் 5.2 மில்லிமீட்டர் கல் நாலரையாகத் தெரியும். மயிரிழைபோல இழைத்துவிட்டால் வெண்மையான உலோகமும் கல்லின் ஒளியும் ஒன்றாகக் கலந்து, கல் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாகவே கண்ணுக்குத் தோன்றும். கூடு வெண்மையான உலோகத்தில் வர வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மஞ்சள் தங்க விளிம்பு தன் நிறத்தைக் கல்லுக்குள் கொட்டிவிடும். வெள்ளைத் தங்கத்தை நான் பரிந்துரைக்கவில்லை. அதன் மேல் பூசும் ரோடியம் முலாம் உங்கள் கையில் விரைவில் தேய்ந்துவிடும். நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கமாக இருந்தால் குளோரின் சேர்ந்த கிருமிநாசினி பட்டுப்பட்டு மெல்லிய பாகங்களில் வெடிப்பும் விடும். பிளாட்டினத்தைக் குளோரின் தொடாது. நம் நாட்டு மண்ணிலிருந்தே கிடைக்கும் உலோகமும் அது. உலகில் பிளாட்டினத்தை மிகுதியாகத் தருவது தென்னாப்பிரிக்காதான்.

சிறு கற்கள் சூழ்ந்த ஹேலோ கூட்டைக் கடைக்காரர் பரிந்துரைத்தது புரிந்துகொள்ளக்கூடியதே. ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கற்களை ஒரு வளையமாக வைத்தால் உங்கள் கல் எட்டு மில்லிமீட்டர் பூவாகத் தெரியும். அந்தச் சிறு கல் ஒவ்வொன்றையும் பிடித்திருப்பது உளியால் எழுப்பிய, மணல் அளவுள்ள உலோகத் துளிகள்தான். நலங்கு நாளில் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து அந்த இடுக்குகளில் ஏறியதை எடுக்க நான் அரைநாள் செலவிட்டதுண்டு. உங்கள் வேலைக்கு அது ஒத்துவராது. இதற்கு மேல் ஒன்றும் எனக்கு மனத்தில் படுகிறது. பாட்டியின் காதில் தனியாக நின்ற கல் அது, விரலிலும் தனியாகவே நிற்கட்டும். உலோகத்தின் இறுக்கத்தில் மட்டும் கல் நிற்கும் டென்ஷன் கூட்டையோ, வளையத்துக்குள் புதைத்துக் கட்டுவதையோ பழைய கல்லுக்கு நான் செய்வதேயில்லை.

அம்மா சொன்ன தோட்டுத் தங்கத்தைப் பற்றி. அது பெரும்பாலும் 22 காரட்டாக இருக்கும். காதில் தொங்குவதற்கு அது போதும். தினமும் கதவையும் கட்டிலையும் பிடிக்கும் விரலில் 22 காரட் வளையம் நாளடைவில் வளைந்து வட்டம் மாறும், வட்டம் மாறினால் கூடும் இழுபட்டுக் கல் ஆடும். அதை 18 காரட்டாக்கப் பிற உலோகம் சேர்க்கலாம். ஆனால் பழைய நகையில் பற்றவைத்த பொடியெல்லாம் கலந்திருக்கும், அப்படியே உருக்கினால் தங்கம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முதலில் சுத்திகரித்து, பிறகு அளந்து கலக்க வேண்டும். இதைச் செய்ய ஒப்புக்கொள்ளும் பத்தர் கிடைத்தால் வளையத்துக்கு அந்தத் தங்கத்தையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அம்மாவிடம் என் சார்பில் சொல்லுங்கள், தோட்டின் கூட்டை உருக்காமல் வைத்திருப்பதும் பாட்டிக்குச் செய்யும் மரியாதைதான்.

கல்லை எடுத்துக்கொண்டு போகும்போது அவசரப்பட வேண்டாம். தோட்டிலிருந்து கழற்றிய பின்புதான் அதன் உண்மையான எடை தெரியும். 5.2 மில்லிமீட்டர் பழைய பட்டைக் கல் அறுபது சென்ட் (0.6 காரட் எடை) அளவில் இருக்கலாம், ஆழத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடும் குறையும். கழற்றியதும் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸின் அடியில் பதிப்பாளரோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள். உள்ளே எங்கே என்ன புள்ளி இருக்கிறது, விளிம்பில் எங்கே பழைய செதில் இருக்கிறது என்று ஒரு தாளில் வரைந்து, எடையையும் அளவுகளையும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டுக்கும் அது தேவைப்படும், மன நிம்மதிக்கும் தேவைப்படும். ஏற்கெனவே இருக்கும் செதிலைக் கூட்டின் தடித்த பகுதிக்குள் வரும்படி கல்லைத் திருப்பி வைக்கலாம். இதைப் பதிப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

கடிதத்தின் ஓரத்தில், பாட்டி இந்தத் தோட்டை 'ப்ளூ ஜாகர்' என்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தமிழ்நாட்டில் இன்றும் பெரியவர்கள் வைரத்தோட்டைப் பற்றிப் பேசும்போது சொல்லும் இந்த ஜாகர், நம் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தின் யாகர்ஸ்ஃபான்டைன் என்ற சுரங்க ஊரின் பெயரிலிருந்து வந்தது. 1870இல் அங்கே வைரம் கிடைத்தது. 1893இல் எக்ஸெல்சியர் என்ற பெருங்கல்லும் அங்கேதான் கிடைத்தது. நிறமின்றி, பகல் வெளிச்சத்தில் மெல்லிய நீலம் காட்டும் கற்களுக்கு அந்த ஊர் பெயர்பெற்றதால், அத்தகைய கற்களுக்கெல்லாம் வணிகத்தில் ஜாகர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒரு கல்லைப் பார்த்து அது எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல இயலாது, ஆகவே உங்கள் கல்லைப் பற்றி அப்படி நான் உறுதி கூற மாட்டேன். ஆனால் காலை பத்து மணி வாக்கில் சன்னலோரம் வெள்ளைத் தாளின் மேல் கல்லை வைத்துப் பாருங்கள். சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிரால் நீலம் ஒளிர்ந்தால் பாட்டி சொன்ன சொல்லின் பொருள் உங்களுக்குப் புரியும். மஞ்சள் விளிம்பு அந்த நீலத்தை அமுக்கிவிடும், பிளாட்டினம் அதை அப்படியே விடும்.

விரல் அளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டர்பனின் ஜூலைக் குளிரில் அளந்தால் மோதிரம் ஜனவரிப் புழுக்கத்தில் பிடிக்கும். நிச்சயம் ஐப்பசியில் என்பதால் இப்போதே ஒருமுறையும் செப்டம்பர் இறுதியில் ஒருமுறையும், இரண்டையும் மாலையில், வேலை முடித்த பிறகு அளந்துகொள்ளுங்கள். தினமும் கழற்றப் போகும் மோதிரம் என்பதால் கணுவைச் சிறிது முயற்சியோடு தாண்டும் அளவே சரி. எளிதாக உருவி வரும் மோதிரம் கடற்கரையில் குளிர்ந்த நீரில் தானே கழன்றுவிடும். திருமணத்துக்கு இன்னொரு வளையம் சேர்த்து அணிய எண்ணியிருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். மிகத் தாழ்வான கூட்டோடு நேரான வளையம் ஒட்டி உட்காராது, இடையில் சந்து விழும். கூட்டை ஒரு மில்லிமீட்டர் உயர்த்திவிட்டால் அந்தச் சிக்கல் தீரும். ஐந்தரை மில்லிமீட்டர்வரை உங்கள் கையுறைக்கும் தொல்லையில்லை.

உங்கள் மணமகனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவர் விரும்பிய ஒளி மோதிரத்தில் இருக்கும் என்றும், அவர் தேர்ந்தெடுக்க இன்னும் இடமிருக்கிறது என்றும் சொல்லுங்கள். வளையத்தின் அகலம், அது கூட்டை நோக்கி மெலிந்து ஏறுவதா நேராக வருவதா, உட்புறத்தில் என்ன எழுத்துப் பொறிப்பது, இவையெல்லாம் அவருடைய பங்கு. ஆறு நகங்களின் மேல் அவருக்கு மிகுந்த ஆசை என்றால், பெசலின் வெளிப்பக்கத்தில் ஆறு மெல்லிய கோடுகளை உளியால் இழுத்து, மேலிருந்து பார்க்க ஆறிதழ் வடிவம் வரும்படி செய்யலாம். நான் இருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். கல் பத்திரமாக இருக்கிறது, அவர் கண்ட உருவமும் கிடைக்கிறது.

புரட்டாசிக்கு முன்பே கல்லைக் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. அன்றைக்கு உங்கள் அக்காவையும் அவர் பங்குத் தோட்டோடு வரச் சொல்லுங்கள். இணையாகத் தேர்ந்த கற்கள் என்பதால் ஒன்றன் அளவு மற்றொன்றுக்கு வழிகாட்டும். கழற்றிச் சுத்தம் செய்த உங்கள் கல்லையும், இத்தனை ஆண்டுகளின் எண்ணெயோடு கூட்டிலேயே இருக்கும் அவர் கல்லையும் ஒரே சன்னலடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்கள் மாமியார் பார்க்கட்டும்.

அன்புடன்,
டர்பனிலிருந்து உங்கள் கல் பதிப்பாளர்